பிராசசர் சூடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் முதல் கூட வேலை பார்ப்பவர்கள் வரை ஸ்கிரீன்ஷாட் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வருவதில் பாதிக்கு மேல் சூடு பற்றித்தான். சிவப்பு எழுத்தில் ஓர் எண், அதற்குக் கீழே "இது ஓகேவா?" என்று ஒரு வரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே சேர்த்துவிட்டேன். எல்லாமே டெஸ்க்டாப்புக்கானவை. லேப்டாப்பின் கணக்கு வேறு. டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

"பிராசசர் எவ்வளவு சூடு வரைக்கும் போகலாம்? சுத்தி வளைக்காம ஒரே எண்ணா சொல்லுங்க."

ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு மாடலுக்கும் அதைத் தயாரித்த நிறுவனமே ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. டிஜே மேக்ஸ் என்பது அதன் பெயர். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு அது 100 டிகிரி. அப்புறம் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு 105. ஏஎம்டியில் ரைசன் 5 5600எக்ஸுக்கு 95, ரைசன் 7 5800எக்ஸுக்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89. உங்கள் மாடலின் எண் நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் இருக்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

அப்படியும் கைக்கணக்காக ஒன்று வேண்டும் என்றால்: சும்மா இருக்கும்போது 30 முதல் 50, விளையாட்டில் 60 முதல் 80, முழுச் சுமையில் வரம்புக்கு 10 டிகிரியாவது கீழே. இப்படி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டியதில்லை. இதைத் தாண்டினால் உடனே ஆபத்து என்றும் அர்த்தமில்லை, அது கீழே வருகிறது.

"டாஸ்க் மேனேஜர்ல தேடிட்டேன், சூடு எங்கயுமே காணோமே?"

அதில் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு தெரியும், பிராசசரின் சூடு தெரியாது. ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று எனக்கும் வியப்புதான். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, "சென்சார்ஸ் ஒன்லி" என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். எளிமையாக வேண்டும் என்றால் கோர் டெம்ப். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ஏஎம்டியின் ரைசன் மாஸ்டரும் உண்டு. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, டெர்மினலில் "சென்சார்ஸ்" கட்டளையைக் கொடுத்தால் போதும்.

"திறந்தா இருபது சூடு காட்டுது. ஒண்ணு 41, ஒண்ணு 58, ஒண்ணு 112. எதை நம்புறது?"

இன்டெல் என்றால் "சிபியு பேக்கேஜ்" என்ற வரியைப் பாருங்கள் (சிபியு என்றாலும் பிராசசர்தான்). பிராசசருக்குள் இருக்கும் சென்சார்களில் அதிகமாகக் காட்டுவதுதான் பெரும்பாலும் அதில் வரும். ரைசன் என்றால் "டிகன்ட்ரோல் / டிடை" என்ற வரி. அதன் பக்கத்திலேயே தற்போது, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று நான்கு கட்டங்கள் இருக்கும். எல்லோரும் அதிகபட்சக் கட்டத்தைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். சராசரியையும் சேர்த்துப் பாருங்கள்.

மதர்போர்டு பெயருக்குக் கீழே வரும் "சிபியு" சூடு வேறு சென்சாரிலிருந்தோ வேறு கணக்கிலிருந்தோ வரலாம், சில டிகிரி வித்தியாசம் இருக்கும். அந்தப் பகுதியில் 112, 127, அல்லது பூஜ்யத்துக்குக் கீழே என்று அசையாமல் நிற்கும் எண் வந்தால், அங்கே சென்சாரே இணைக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜச் சூடு என்றால் ஏறி இறங்கும். மணிக்கணக்கில் ஆணி அடித்தாற்போல் நிற்காது.

பழைய ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 1700எக்ஸ், 1800எக்ஸ் மாடல்களில் டிகன்ட்ரோல் எண் நிஜச் சூட்டைவிட 20 டிகிரி கூடுதலாகக் காட்டும். 2700எக்ஸில் 10 டிகிரி. ஃபேன் ஓட்டத்தை எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரி வைக்க ஏஎம்டி செய்த ஏற்பாடு அது. அவற்றில் டிடை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"ஒண்ணுமே ஓடல, அப்பவும் 48 டிகிரி. இது சரியா?"

அறையில் எவ்வளவு சூடு என்று முதலில் சொல்லுங்கள். ஃபேனோ தண்ணீர்க் கூலரோ, இரண்டும் பிராசசரின் சூட்டை அறைக் காற்றில் கொண்டுபோய்க் கொட்டும் வேலையைத்தான் செய்கின்றன. காற்றே 34 டிகிரியில் இருந்தால் பிராசசர் அதற்கு மேலேதான் நிற்கும். அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட 10 ஏறும். ஆகவே குளிர்நாட்டுக்காரர் போட்ட காணொளியில் 29 டிகிரி என்று பார்த்துவிட்டு, வெயில் காலத்தில் அதே எண்ணைத் தன் வீட்டில் தேடுவதில் பொருளில்லை.

அப்புறம், "ஒண்ணுமே ஓடல" என்று நாம் நினைக்கும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன், இருபது டேப் திறந்த பிரவுசர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 2, 3 சதவீதத்துக்கு இறங்கும் வரை காத்திருந்து பாருங்கள். அதிலும் அறையைவிட 30 டிகிரிக்கு மேல் நின்றால்தான் கூலர் பக்கம் போக வேண்டும்.

"ரைசன் வாங்கினேன். ஒரு நொடி 42, அடுத்த நொடி 63, மறுபடி 45. சென்சார் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ஓரிரு கோர்கள், அதாவது பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள், நொடிப்பொழுது உச்ச வேகத்துக்குப் பாய்ந்துவிட்டுத் திரும்பும். அந்தக் கோர் இருக்கும் இடம் நகக்கண் அளவுகூட இல்லை. அங்கே எழும் சூடு கூலருக்குப் போய்ச் சேருவதற்குள் சென்சார் அதைக் காட்டிவிடுகிறது. இந்தத் துள்ளலால் பிராசசருக்கு ஒன்றும் ஆகாது. கஷ்டம் காதுக்குத்தான், ஃபேனும் கூடவே ஊளையிட்டு அடங்கும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சூட்டுக்கேற்ப ஃபேன் வேகத்தை வைக்கும் ஃபேன் கர்வ் பகுதிக்குப் போய், வேகம் மாறுவதற்கான தாமதத்தை மூன்று நான்கு நொடியாக வைத்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும்.

"பயாஸ்ல 56, விண்டோஸ்ல 39. எது பொய்?"

இரண்டும் உண்மை. விண்டோஸ் வேலையில்லாத கோர்களைத் தூங்க வைக்கும், பயாஸ் வைக்காது. பயாஸ் திரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பிராசசர் விழித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் பயாஸ் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

"கேம் ஆடும்போது 82 போகுது. நிறுத்திடவா?"

ஆடுங்கள். முதல் பதிலில் சொன்ன வரம்போடு ஒப்பிட்டால் 82 தள்ளித்தான் இருக்கிறது. விளையாட்டில் பிராசசரோடு கிராஃபிக்ஸ் கார்டும் சூடாகும். 200, 300 வாட் வெப்பத்தை அதே பெட்டிக்குள் விடும். பிராசசர் கூலர் உறிஞ்சுவது அந்தச் சூடான காற்றைத்தான். ஆகவே விளையாட்டில் மட்டும் பிராசசர் சூடு அதிகம் என்றால், குறை கூலரில் இருப்பதைவிடக் காற்றோட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

"100 டிகிரியைத் தொட்டா எரிஞ்சு போயிடுமா?"

போகாது. வரம்பை நெருங்கியதும் பிராசசர் தானாகவே தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறோம். அப்படியும் சூடு அடங்காமல், கூலர் கழன்று விழுந்தது போன்ற நிலைமை என்றால், வரம்புக்கும் மேலே இன்னொரு எல்லை இருக்கிறது. அதைத் தொட்டதும் கம்ப்யூட்டரே சட்டென்று அணைந்துவிடும். விண்டோஸைக் கேட்டுக்கொண்டெல்லாம் இருக்காது. அடுத்த முறை போடும்போது சில மதர்போர்டுகள் "சிபியு ஓவர் டெம்பரேச்சர் எரர்" என்று திரையில் எழுதிக் காட்டும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலத்தில் அது நிஜமாகவே நடந்தது. 2001இல் இணையத்தில் பரவிய ஒரு சோதனைக் காணொளியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்கை, அதாவது கூலரின் உலோகப் பகுதியை, கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அன்றைய ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைவிட்டுச் செத்தது. அதைப் பார்த்த தலைமுறை இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றைய சில்லுகள் இரண்டு நிறுவனத்திலும் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும்.

"த்ராட்லிங் நடக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

என்னைக் கேட்டால், சூட்டு எண்ணைவிட இதைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோவில் "தெர்மல் த்ராட்லிங்" என்ற வரிகள் இருக்கும். "நோ" என்று இருந்தால் சூட்டால் உங்களுக்கு வேகம் குறையவில்லை. "யெஸ்" என்று சிவப்பில் வந்தால் குறைகிறது. பக்கத்திலேயே "பவர் லிமிட்" என்ற வரியும் யெஸ் என்று காட்டலாம். அது வேறு சமாச்சாரம், வாட் வரம்பைத் தொட்டதைச் சொல்கிறது. அதைச் சூட்டுப் பிரச்சினை என்று நினைத்துக் கூலர் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழி: பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் விடாமல் ஓட்டிவிட்டு, கடிகார வேகத்தைக் கவனியுங்கள். 4.6 கிகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 4.5இல் நிலைத்தால் சாதாரணம். சூடு வரம்பில் ஒட்டிக்கொண்டு, வேகம் 3.2, 2.8 என்று சரிந்துகொண்டே போனால் கூலரால் முடியவில்லை என்று பொருள்.

"95 டிகிரியிலதான் ஓடும், அப்படித்தான் டிசைன்னு கம்பெனியே சொல்லுது. சும்மா சமாளிக்கிறாங்களா?"

ரைசன் 7000 வரிசை வந்தபோது எழுந்த கேள்வி இது. 7950எக்ஸ் போன்ற மாடல்கள் முழுச் சுமையில் 95 டிகிரியை ஒரு இலக்காகவே வைத்துக்கொண்டு, அந்தச் சூட்டுக்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துவிடும். நல்ல கூலர் போட்டால் சூடு குறையாது, வேகம்தான் ஏறும். முன்பெல்லாம் வேகம் நிலையாக இருக்கும், சூடு மாறும். இவற்றில் சூடு நிலையாக இருக்கிறது, வேகம் மாறுகிறது. இது சமாளிப்பு இல்லை.

ஆனால் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காக இவ்வளவு வாட்டைச் செலவழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயாஸில் வாட் வரம்பை இறக்கும் ஈகோ மோடு போட்டுவிட்டால் சூடு கணிசமாக இறங்கும், விளையாட்டில் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். நான் வீட்டில் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

"என் பழைய ஐ7-4770கே விவரப் பக்கத்துல 72.72 டிகிரின்னு போட்டிருக்கு. எனக்கு 80 போகுதே!"

பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். அந்த 72.72 "டிகேஸ்" என்ற கணக்கு. பிராசசரின் மேலே இருக்கும் உலோக மூடியின் நடுப்பகுதியில் அளக்கும் சூடு அது. நம் மென்பொருள் காட்டுவது மூடிக்குக் கீழே, சிலிக்கானுக்குள் இருக்கும் சூடு. உள்ளே எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். மூடிமேல் சென்சார் ஒட்டி அளக்காத நமக்கு டிகேஸ் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. 80 என்பது அந்தச் சில்லுக்குப் பிரச்சினையே இல்லை.

"பிரைம்95 ஓட்டினா 97, கேம்ல 66. எதை வச்சு முடிவு பண்றது?"

உங்கள் அன்றாட வேலையை வைத்து. பிரைம்95இன் "ஸ்மால் எஃப்எஃப்டி" சோதனை, பிராசசரின் கணக்கிடும் பகுதிகளை ஒரு நொடிகூட ஓயவிடாமல் அடிக்கும். எந்தச் சாதாரண மென்பொருளும் அப்படி அடிப்பதில்லை. ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுபவர்களுக்கு, அது தேவை. மற்றவர்களுக்கு அது வீணான பயத்தைத்தான் தரும். காணொளி எடிட்டிங், 3டி ரெண்டரிங் செய்பவர் என்றால் சினிபெஞ்ச் உங்கள் வேலைக்கு நெருக்கமானது. விளையாட மட்டும்தான் என்றால், அரை மணி நேரம் விளையாடிவிட்டு வந்து பாருங்கள்.

"போன வருஷம் 70 போச்சு. இப்ப அதே வேலைக்கு 90. ஒண்ணுமே மாத்தல."

இந்த மாதிரி கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதில் ஒப்பிட ஒரு பழைய எண் இருக்கிறது. 90 என்பது தனியாக வந்திருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 20 டிகிரி ஏறியிருப்பதுதான் சேதி. வெயில் காலமா என்று பார்த்துவிட்டு, அடுத்துக் கூலரைப் பாருங்கள்.

பெரும்பாலும் தூசி. கூலரின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ஃபேனைக் கழற்றினால்தான் அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருப்பது தெரியும். ஒரு முறை அதை ஓரத்தில் விரலால் பிடித்து இழுத்தேன், சதுரமாக, ஒரே துண்டாகக் கையோடு வந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, காற்றுதான் தகடுக்குள் போகவில்லை. பிரஷ்ஷும் காற்று ஊதியும் போதும். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

தூசி இல்லை என்றால் மூன்று சந்தேகங்கள். ஃபேன் சுற்றுகிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா, இன்டெல்லோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் குச்சிகளில் ஒன்று மதர்போர்டிலிருந்து வெளியே வந்துவிட்டதா. கூலரை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஒரு மூலை அசைந்தால் அதுதான்.

"தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்கணும்? வருஷா வருஷம் மாத்தணுமா?"

பட்டாணி அளவு நடுவில் ஒரு பொட்டு. மூடி நீளமான இன்டெல் 12ஆம் தலைமுறைக்குப் பிறகான சில்லுகளுக்கு, அதை ஒரு சிறு கோடாக இழுத்துவிடுங்கள். கூலரின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும். கொஞ்சம் அதிகமானால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான். குறைவாக வைப்பதுதான் தவறு. வருடா வருடம் மாற்றத் தேவையில்லை. சூடு ஏறாதவரை தொடவேண்டாம். கூலரை எதற்காகக் கழற்றினாலும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

கழற்றும்போது ஒரு கவனம். ஏஎம்4 சாக்கெட் ரைசன்களில் பிராசசரின் அடியில்தான் பின்கள் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொண்டு, கூலரை மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் நாள் முழுக்கப் போய்விடும். பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, பிறகு மெஷினை அணைத்து மின்வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். நேராக இழுக்காதீர்கள்.

"புது மெஷின். இப்பத்தான் மாட்டினேன். ஆன் பண்ண ரெண்டே நிமிஷத்துல 95!"

கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள். அக்கா பையனுக்கு மாட்டிக் கொடுத்த மெஷினில் நானே உரிக்க மறந்தேன். "மாமா, பயாஸ்லயே 90 காட்டுது" என்று அவன் போன் செய்தபோது, மதர்போர்டைத்தான் சந்தேகப்பட்டேன். அரை நாள் தேடிவிட்டுக் கூலரைக் கழற்றினால், பேஸ்ட் அந்தத் தாளின்மேல் அழகாக வட்டமாகப் பரவியிருந்தது. "பொருத்தும் முன் அகற்றவும்" என்று அதில் எழுதியும் இருந்தது.

அது இல்லை என்றால், ஃபேன் வயர் மதர்போர்டில் "சிபியு ஃபேன்" என்று எழுதிய இடத்தில்தான் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர்க் கூலர் என்றால் பம்ப்புக்கு மின்சாரம் போகிறதா என்றும் பாருங்கள். திருகுகளையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து உட்காரும்.

"கேபினெட் பக்கக் கதவைத் திறந்தே வச்சா நல்லதுதானே?"

நிரந்தரத் தீர்வாக வேண்டாம், தூசி அடையும். ஆனால் சோதனையாக இது அருமையானது. கதவைத் திறந்ததும் சூடு இரண்டு மூன்று டிகிரி மட்டும் இறங்கினால் காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது. பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் பெட்டிக்குள் சூடான காற்று தேங்குகிறது. அப்போது புதுக் கூலரைவிட, முன்னால் உள்ளே இழுக்கவும் பின்னால் வெளியே தள்ளவும் ஆளுக்கொரு ஃபேன் போடுவதுதான் பயன் தரும். ஃபேனில் சட்டகக் குச்சிகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். அதை வைத்துத் திசையைச் சரிபாருங்கள்.

"தண்ணீர்க் கூலர் போட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?"

உங்கள் பிராசசரைப் பொறுத்தது. நடுத்தரச் சில்லுக்கு நல்ல காற்றுக் கூலரே தாராளம். தண்ணீர்க் கூலரின் பலம் 200 வாட்டுக்கு மேல் எரிக்கும் சில்லுகளில்தான் தெரியும். தண்ணீர் சூடாகச் சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால், முதல் ஐந்து நிமிடச் சோதனையில் அது எப்போதும் நன்றாகவே தெரியும். இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள்.

பம்ப் நின்றுவிட்டால் அறிகுறி தெளிவாக இருக்கும். மெஷினைப் போட்ட உடனேயே சூடு சரசரவென ஏறும், ஆனால் ரேடியேட்டரைத் தொட்டால் குளிர்ந்தே இருக்கும். சூடு பிராசசரைவிட்டு நகரவே இல்லை என்று அர்த்தம். மாட்டும்போது, பம்ப் இருக்கும் இடமே முழு அமைப்பிலும் உயரமான இடமாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் அங்கேதான் போய்ச் சேரும்.

"பெட்டியில 65 வாட்னு போட்டிருக்கு. அப்ப 65 வாட் கூலர் போதுமே?"

போதாது. அந்த 65 என்பது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. ஐ5-12400இன் பெட்டியில் 65 இருந்தாலும் டர்போவில், அதாவது வேகத்தைத் தானாக ஏற்றிக்கொள்ளும்போது, 117 வாட் வரை இழுக்கலாம். ஐ9-13900கேயில் 125க்கு 253. ஏஎம்டியின் 105 வாட் ரைசன்கள் 142 வாட் வரை எடுக்கும். இன்டெல் மதர்போர்டுகள் சிலவற்றில் இந்த உச்ச வரம்பையே பயாஸ் தளர்த்தி வைத்திருக்கும். கூலர் வாங்கும்போது இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

வாட்டும் முழுக் கதை இல்லை. 5800எக்ஸும் 5900எக்ஸும் ஒரே 105 வாட் வகை, ஆனால் முதலாவதுதான் அதிகம் சூடாகும். காரணம், 5900எக்ஸில் கோர்கள் இரண்டு சில்லுத் துண்டுகளில் பிரிந்து இருக்கின்றன. 5800எக்ஸில் எட்டுக் கோரும் சுமார் 80 சதுர மில்லிமீட்டரே உள்ள ஒரே துண்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதே மின்சாரம், பாதி இடம்.

"காசு செலவழிக்காம சூட்டைக் குறைக்க வழி இருக்கா?"

இருக்கிறது, அதுவும் பயாஸிலேயே. ஏஎம்டியில் மேலே சொன்ன ஈகோ மோடு. இன்டெல்லில் பிஎல்1, பிஎல்2 என்ற வாட் வரம்புகளைக் கொஞ்சம் இறக்கலாம். அடுத்த படி அண்டர்வோல்ட், அதாவது மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது. செலவாகும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், சிறு குறைப்பும் சூட்டில் நன்றாகத் தெரியும். ஒரேயடியாகக் குறைக்காமல் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். காரணமில்லாமல் நீலத்திரை வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

"எப்பவும் 85லயே ஓடினா ஆயுசு குறையுமா?"

கணக்குப்படி குறையும். எலக்ட்ரான்கள் மோதி மோதி, சில்லுக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்கள் மெல்ல இடம்பெயரும். சூடு ஏற ஏற அது வேகமாகும். 1969இல் ஜேம்ஸ் பிளாக் இதற்குச் சமன்பாடே எழுதி வைத்தார். ஆனால் நிறுவனங்கள் வரம்பை நிர்ணயிக்கும்போதே இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நான் பார்த்தவரை பிராசசர் தேய்ந்து சாவதற்கு முன் அது பழசாகிப்போய் ஆள் மாற்றிவிடுகிறார்.

சூட்டைவிட மின்னழுத்தத்துக்குத்தான் நான் பயப்படுவேன். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் சில காலப்போக்கில் நிலைகுலைந்தன. 2024இல் இன்டெல்லே, அதிகப்படியான மின்னழுத்தம் அதற்குக் காரணம் என்று சொல்லி, புதிய மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல், பயாஸ் அப்டேட்டோடு வரும்) வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை வைத்திருந்தால், கூலர் பற்றி யோசிப்பதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

"சூடு 65தான். ஆனா கேம் நடுவுல பட்டுன்னு அணைஞ்சிடுது."

அப்படியென்றால் பிராசசரை விட்டுவிடுங்கள். என் முதல் சந்தேகம் பவர் சப்ளை. கிராஃபிக்ஸ் கார்டு திடீரென்று இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அடுத்தது, மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி. மலிவான போர்டில் பெரிய சில்லைப் போட்டால் அது தனியாகச் சூடாகும். ஒரு சில போர்டுகளில் அதற்கு "விஆர்எம்" அல்லது "மாஸ்" என்ற சென்சார் உண்டு. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். மெஷின் முறையாக அணையவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

"அறையில 31, பிராசசர்ல 22ன்னு காட்டுது. அவ்ளோ நல்ல கூலரா?"

அப்படி ஒரு கூலர் இல்லை. காரணம் நான்காவது பதிலில் இருக்கிறது: காற்றால் தன்னைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. இது சென்சாரின் தவறு. பழைய ஏஎம்டி எஃப்எக்ஸ் சில்லுகளில் இதை நிறையப் பார்க்கலாம். பிராசசருக்குள் இருக்கும் சென்சார்கள் உச்ச வரம்புக்கு அருகில் சரியாகக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டவை. கீழ்ச் சூட்டில் அவ்வளவு நம்பகமில்லை. அங்கே ஐந்தாறு டிகிரி முன்னே பின்னே காட்டினால் பொருட்படுத்தாதீர்கள்.

"நானும் ஃப்ரெண்டும் ஒரே பிராசசர், ஒரே கூலர். அவனுக்கு என்னைவிட 9 டிகிரி கம்மி. நான் ஏமாந்துட்டேனா?"

அவருடைய அறை எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு? மதர்போர்டு ஒன்றா? ஒவ்வொரு போர்டும் பிராசசருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் கொஞ்சம் மாறும், வாட் வரம்பும் மாறும். ஃபேன் வேகம்? அவருடையது பிளேன் மாதிரி இரைகிறதா என்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். இதெல்லாம் ஒத்துப்போனாலும், ஒரே அச்சில் வந்த இரண்டு சில்லுகள் ஒரே வேகத்துக்குக் கேட்கும் மின்னழுத்தம் ஒன்றாக இருக்காது. சிலிக்கான் லாட்டரி என்று ஓவர்கிளாக் செய்பவர்கள் கேலியாகச் சொல்வது இதைத்தான்.

இருவரும் சினிபெஞ்ச் ஓட்டி மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். மதிப்பெண் சமமாக இருந்தால் அந்த 9 டிகிரி அவருக்குப் பெருமை, உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உங்களுடையது நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் மட்டும், பிளாஸ்டிக் தாளிலிருந்து தொடங்குங்கள்.